இடிதாங்கி காப்பது கட்டடத்தை மட்டும்

மின்னல் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, வீட்டு உச்சியில் இடிதாங்கி இருந்தால் கவலையே இல்லை என்ற தொனியில் முடிகிறது. பாதிதான் சரி. இடிதாங்கி காப்பது கட்டடத்தை. எங்கோ கம்பத்தில் விழுந்த மின்னல், மின்கம்பி வழியாகவும் கேபிள் வயர் வழியாகவும் வீட்டுக்குள் வருவதை அது தடுக்காது. அதற்கு மெயின் போர்டில் சர்ஜ் புரொடெக்டர் (திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவி) தனியாக வேண்டும். எங்கள் களியக்காவிளை பக்கம் மேட்டு வீடுகளில் இன்னொரு தொல்லை, கல் பாங்கான மண்ணில் எர்த் (மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு) சரியாகக் கிடைப்பதில்லை. கம்பியை நட்டுவிட்டு அளந்து பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

ஐப்பசியில் இங்கே மதியத்துக்கு மேல்தான் இடி கூடும். வானம் கறுக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்; தலைக்கு மேல் இடிக்கும்போது ஓடிப்போய்ப் பிடுங்குவது வீண் வீரம். மின்னலுக்கும் சத்தத்துக்கும் 3 விநாடி இடைவெளி என்றால் தூரம் ஏறக்குறைய 1 கிலோமீட்டர். 30 விநாடிக்குள் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுங்கள். கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிடம் ரப்பர் தோட்டத்துப் பக்கம் போக வேண்டாம். செல்போன் மின்னலை இழுக்காது, சார்ஜரில் செருகியபடி பேசுவதுதான் ஆபத்து.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று எல்லோரும் விலகி நிற்கிறார்களே, அதுதான் கொடுமை. உடம்பில் மின்சாரம் தங்காது. மூச்சு இல்லையென்றால் 108-ஐ அழைத்துவிட்டு, உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி தொடங்க வேண்டும்.