94 சதவீதத்தில கரண்ட் போச்சு

கல்லடியில மழை இருட்டினாலே கரண்டுக்குக் காய்ச்சல் வந்திரும். நேற்றுப் பின்னேரம் பழைய ரவுட்டருக்குப் புது இமேஜ், அதான் அத ஓட்டுற மென்பொருள், எழுதிக்கொண்டிருந்தன். 94 சதவீதம். படக்கெண்டு இருட்டு. யூபிஎஸ் பற்றரி செத்து மூணு மாசம், அது வேற கதை.

இந்த ரவுட்டர்ட மெமரி சிப் நான்ட் ஃபிளாஷ்; அதில சும்மா மேலால எழுதேலாது. 128 கிலோபைட் பிளொக்கை முழுசா அழிச்சுப்போட்டுத்தான் எழுதணும். இப்ப பழசும் இல்ல, புதுசும் முழுசா இல்ல. சிவப்பு லைட் மட்டும் கண்ணடிக்குது.

மறுகா மூடியக் கழட்டி, சீரியல் வயர் மூணையும் பிடிச்சு யூபூட்டுக்குள்ள (ரவுட்டர் எழும்பேக்க முதல்ல ஓடுற புரோகிராம்) இறங்கினா, கூட்டாளி ஒருத்தன் போன்ல, "டிடி போட்டு அடிச்சு விடன் மச்சான்" எண்டான். டிடி எண்டது அப்படியே கொப்பி பண்ணுற லினக்ஸ் கட்டளை. டேய், பழுதான பிளொக்கை டிடி பார்த்துத் தாண்டுமாடா? அதுக்குத்தானே நான்ட்ரைட், யூபிஐஃபோர்மட் எல்லாம் கிடக்குது!

குசினிக்குள்ள இருந்து அம்மா: "இன்டர்நெட் எப்ப மனே வரும்?"