ஒரு பைலட் போதும் என்பது சரியல்ல

இந்த விவாதத்தில் ஒருவர், "நவீன ராணுவ ஹெலிகாப்டரில் எல்லாம் திரையிலேயே வந்துவிடுகிறது, பைலட்டின் சுமை பாதியாகிவிட்டது, ஒருவரே போதும்" என்று எழுதியிருக்கிறார். அது சரியல்ல.

1980-களில் அமெரிக்க ராணுவம் எல்எச்எக்ஸ் என்ற புது ஹெலிகாப்டரை ஒரே பைலட் ஓட்டும்படி செய்யலாமா என்று யோசித்தது. விமானம் கட்டுவதற்கு முன்பே சுமையைக் கணித்துப் பார்த்தார்கள். பறக்கும் வேலையைச் சின்னச் சின்னச் செயல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் கண், காது, யோசனை, கைகால் ஆகியவற்றுக்கு எவ்வளவு வேலை தருகிறது என்று 7 வரை மதிப்பெண் போட்டார்கள். ஒரே நேரத்தில் நடக்கும் செயல்களின் மதிப்பெண்களை ஒவ்வொரு புலனுக்கும் தனித்தனியே கூட்டினால், எந்த நொடியில், எந்தப் புலனில் சுமை மிஞ்சுகிறது என்று தெரியும். கருவிகள் கைவேலையைக் குறைக்கும், சரி. ஆனால் திரையைக் கவனிப்பதும் முடிவெடுப்பதும் கண்ணிலும் மூளையிலும்தான் போய்ச் சேரும். கடைசியில் அந்தத் திட்டத்தில் உருவான கமாஞ்சி என்ற ஹெலிகாப்டர் 2 இருக்கைகளோடுதான் வடிவமைக்கப்பட்டது.

நான் குன்னூர்க்காரன். மேட்டுப்பாளையம் பக்கமிருந்து மேகம் ஏறினால் எதிர்மலை நிமிடங்களில் மறைந்துவிடும். அப்போது ஒருவர் கருவிகளைப் பார்க்க, இன்னொருவர் வெளியே பார்க்க வேண்டும். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்த விபத்தில், எதிர்பாராமல் மேகத்துக்குள் நுழைந்ததால் பைலட்டுக்குத் திசையுணர்வு குழம்பியது என்றுதான் விசாரணை சொன்னது. அதில் 2 பைலட்டுகள் இருந்தார்கள். அப்படியிருக்க, ஒருவரைக் குறைக்கச் சொல்வது எனக்குப் பயமாக இருக்கிறது.