ஸ்பெயினில் நஷ்டம், பிரிட்டனில் லாபம்: ஒரு கடற்கரை ஃப்ளாட்டை விற்ற கதை

"ஸ்பெயினில் கடற்கரைப் பக்கம் ஒரு ஃப்ளாட் வாங்கிப் போடுங்கள், நல்ல முதலீடு" என்று இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் பேசிவிட்டார்கள். அப்படி ஒன்றைப் பதினெட்டு வருடம் வைத்திருந்து 2024-ல் விற்றுத் தலைமுழுகியவள் நான். அது முதலீடே இல்லை. ஆசைக்கு வாங்குகிற பொருள். ஆசைக்கு வாங்குவதில் ஒரு தப்பும் இல்லை, அதற்கு முதலீடு என்று பெயர் வைப்பதில்தான் எனக்குச் சண்டை.

நாங்கள் லண்டன்வாசிகள். 2006-ல் அலிகாந்தே மாகாணத்து டொரெவியேகாவில் 1,35,000 யூரோவுக்கு வாங்கினோம். வரி, நோட்டரி, வக்கீல் என்று இன்னொரு 13,500 போனது. அப்போது அந்த ஊரில் எந்தப் பக்கம் பார்த்தாலும் கிரேன்தான், விலை இறங்கவே இறங்காது என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். 2008-ல் அது இறங்கியதையும் பார்த்தாயிற்று. ஊரைக் குறை சொல்ல மாட்டேன். உப்பு விளையும் ஊர், அங்கே ரோஸ் நிறத்தில் ஓர் ஏரி இருக்கிறது. உப்பிலேயே வாழும் நுண்ணுயிர்கள் கொடுக்கிற நிறம். சாயங்காலம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது செலவு எதுவும் நினைவுக்கு வராது.

ஆனால் ஏரிக்கரையில் நின்ற நேரத்தைவிட நான் துடைப்பத்தோடு நின்ற நேரம்தான் அதிகம். ஆறு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் முதலில் வருவது ஈரவாடை, அப்புறம் கரப்பான். பால்கனிக் கம்பியை உப்புக்காற்று தின்றிருக்கும், ஏசியின் வெளிப்பெட்டி துருப்பிடித்திருக்கும், பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்பார், அந்த நாளை நாம் ஊருக்குக் கிளம்புகிற நாளாக இருக்கும். வேறு ஊருக்குச் சுற்றுலா போகலாம் என்றால் என் வீட்டுக்காரர் "அங்கேதான் நமக்கு வீடு இருக்கிறதே" என்பார். பதினெட்டு வருடம் அதே கடல்.

சரி, ஓய்வுபெற்றதும் நவம்பரிலிருந்து மார்ச் வரை அங்கேயே இருந்துவிடலாம் என்று திட்டம் வைத்திருந்தோம். பிரெக்சிட் வந்து, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகி, 2021 ஜனவரியிலிருந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம் என்றாகிவிட்டது. சொந்த வீடு இருந்தாலும் கூடுதலாக ஒரு நாள்கூடக் கிடைக்காது. ஐந்து லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கியவர்களுக்கு அங்கே வசிக்க அனுமதி தந்த கோல்டன் விசாவும் 2025 ஏப்ரல் 3-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. வாடகைக்கு விடலாமே என்கிறவர்களுக்கு: அதே தேதியிலிருந்து, புதிதாகச் சுற்றுலா வாடகைக்கு விடுவதென்றால் கட்டடத்தின் உரிமையாளர் சங்கத்தில் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். வருகிறவர்கள் நள்ளிரவில் நீச்சல்குளத்தில் குதிப்பதைப் பார்த்த யார் கையைத் தூக்குவார்கள்?

விற்பது தனி வேலை. எரிசக்திச் சான்றிதழ், வீட்டுவரி ரசீது, சங்கத்துக்குப் பாக்கி இல்லை என்ற கடிதம் எல்லாம் கேட்டார்கள். ஏஜென்ட் கமிஷன் ஐந்து சதவீதம். முன்பண ஒப்பந்தத்துக்கு அங்கே அர்ராஸ் என்று பெயர். வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் நமக்கு, நாம் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தரவேண்டும். இந்த ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. வாய்ப்பேச்சு வியாபாரம் அதோடு நின்றுவிடுகிறது.

விலை 1,45,000-க்குப் படிந்தது. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் வாங்குபவர் விலையில் 3 சதவீதத்தைப் பிடித்து நேரே ஸ்பெயின் வரித்துறைக்குக் கட்டிவிடுவார். எங்களுக்கு 4,350 யூரோ. நமக்கு லாபம் இல்லையென்றால் விண்ணப்பித்துத் திரும்ப வாங்கலாம், ஆனால் பழைய வரிகளைக் கட்டினோமா என்று பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். வாடகைக்கே விடாத வீட்டுக்கும் வெளிநாட்டு உரிமையாளர் ஆண்டுதோறும் ஒரு வருமானவரி கட்டவேண்டும். பிரெக்சிட்டுக்குப் பிறகு நமக்கு அது 19-லிருந்து 24 சதவீதம். நாங்கள் இரண்டு வருடம் கட்டாமல் விட்டிருந்தோம். தப்பு எங்களுடையதுதான், கழித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. வாங்கிய செலவு, கமிஷன் எல்லாம் சேர்த்தால் யூரோவில் எங்களுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் நஷ்டம். ஆனால் பிரிட்டன் வரித்துறை பவுண்டில்தான் கணக்குப் பார்க்கும். வாங்கிய அன்று ஒரு பவுண்டுக்கு 1.46 யூரோ, விற்ற அன்று 1.18. வாங்கிய நாள் மதிப்பில் செலவையும் விற்ற நாள் மதிப்பில் வரவையும் மாற்றினால் சுமார் 15,000 பவுண்டு லாபம்! ஆளுக்கு 3,000 பவுண்டு விலக்குப் போக மிச்சத்துக்கு வரி. ஸ்பெயினில் லாபமே இல்லாததால் அங்கே லாபவரி எதுவும் இல்லை, அதனால் இங்கே கழித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. கணக்காளர் இதைச் சொன்னபோது வீட்டுக்காரர் மூன்று தடவை கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தார்.

அந்த 13,500 யூரோவைச் செலவில் காட்ட 2006-ல் கொடுத்த பில்கள் வேண்டும் என்றார்கள். ஃப்ளாட்டைக் காலி செய்து கொண்டுவந்த சூட்கேஸில், நீச்சல் கண்ணாடிகளுக்கு அடியில் கிடைத்தன. நோட்டரி பில்லில் எழுத்து பாதி மங்கியிருந்தது. வாங்கியே தீருவேன் என்கிறவர்கள் தாராளமாக வாங்குங்கள், ஆனால் பில்களை மட்டும் லண்டனில் வையுங்கள்.