நகச்சொத்தைக்கு விக்ஸ் பூசலாமா?

மழை தொடங்கியதும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒருவர் கால் பெருவிரல் போட்டோவைப் போட்டுவிடுவார். மஞ்சளடித்து, தடித்து, நுனி உதிர்ந்த நகம். அடுத்த நிமிடமே வைத்தியம் கொட்டும். வேப்பெண்ணெய், பூண்டு, மருதாணி, வினிகர், விக்ஸ். அத்தை ஒருவர் எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலைச் சொருகச் சொல்வார். அத்தை, அது நகச்சுத்திக்கு!

நான் வீட்டு வைத்தியத்துக்கு எதிரி இல்லை. வேப்பெண்ணெயோ பூண்டோ பூஞ்சையைக் கொல்லாது என்றும் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத் தட்டில் வைத்தால் இவற்றில் பலதும் கொல்லும். ஆனால் நகச்சொத்தையில் பூஞ்சை பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது நகத்துக்கு அடியில், சதையோடு ஒட்டுகிற இடத்தில். மேலே கெட்டியான ஓடு. பூட்டிய வீட்டுக் கூரையில் மருந்தடித்தால் உள்ளே இருக்கிற கரப்பான் சாகுமா?

மருந்துக் கம்பெனிகளே இதில் திணறியிருக்கின்றன. சைக்ளோபிராக்ஸ் 8% என்று நகத்தில் பூசும் லேக்கர் உண்டு. 48 வாரம் தினமும் பூசியும் சோதனைகளில் முழுக் குணம் கண்டவர்கள் 10 சதவீதத்தைத் தொடவில்லை. நகத்துக்கென்றே செய்த மருந்துக்கே இந்தக் கதி.

விக்ஸுக்கு உண்மையிலேயே ஒரு ஆய்வு இருக்கிறது. 2011-இல் அமெரிக்காவில் 18 பேருக்கு 48 வாரம் பூசிப் பார்த்தார்கள். 5 பேருக்கு முழுக் குணம், 10 பேருக்கு ஓரளவு, 3 பேருக்கு ஒன்றுமே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு கிடையாது. "விக்ஸ் நகச்சொத்தையைக் குணமாக்கும்" என்று ஃபார்வர்டு செய்பவர்கள் அந்த 48 வாரத்தை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள். டீ ட்ரீ எண்ணெய்க்கும் 1994-இல் ஒரு ஆய்வு உண்டு. க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சைக்குப் பூசும் மருந்துக்குச் சமமாக நின்றது என்பார்கள். நகத்தில் க்ளோட்ரிமசோலே நோஞ்சான், அதற்குச் சமமாக நின்றதில் என்ன பெருமை?

கால் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். இன்றைக்கே பூஞ்சை மொத்தமும் செத்தாலும் கெட்ட நகம் வளர்ந்து வெளியேற ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். ஆகவே "பதினைந்தே நாளில்" என்று வருகிற முன்-பின் போட்டோவை அப்படியே தள்ளிவிட்டுப் போகலாம்.

எனக்கு இதைவிடப் பெரிய குறை, அது பூஞ்சைதானா என்று யாரும் கேட்பதில்லை. இப்படிக் கெட்டுப்போகும் நகங்களில் பாதிதான் பூஞ்சை. மீதி சொரியாசிஸ் என்கிற தோல் நோய், இறுக்கமான ஷூ, பழைய அடி என்று பல. டெஸ்ட் ஒன்றும் பெரிய விஷயமில்லை. நகத்தடியில் பிளேடால் சுரண்டினால் மஞ்சள் மாவு மாதிரி உதிரும். அதைக் கண்ணாடிச் சில்லில் வைத்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விடுவார்கள். நகத்துகள் கரைந்ததும் மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை இழை தெரியும். சொரியாசிஸ் நகத்துக்கு வருடக்கணக்கில் பூண்டு தேய்த்து என்ன பயன்?

பூஞ்சைதான் என்றால் டெர்பினாஃபின் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரை, 250 மில்லிகிராம், தினம் ஒன்று, 12 வாரம். ரத்தம் வழியாக நகத்தடிக்கே போகிறது, நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் நகத்தில் தங்குகிறது. "லிவர் போயிடும்" என்று பயமுறுத்துவார்கள். பாதிப்பு வரலாம், ஆனால் அபூர்வம். டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். நீங்களாக மெடிக்கல் ஷாப்பில் வாங்கி விழுங்க வேண்டாம். இதுவும் எல்லாருக்கும் பலிப்பதில்லை, திரும்பி வருவதும் உண்டு. எண்பது வயதுத் தாத்தாவுக்கு வலியில்லை, சர்க்கரையும் இல்லை என்றால் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுவதும் சரியான முடிவுதான்.

சர்க்கரை உள்ளவர்கள் விஷயத்தில் மட்டும் நான் சண்டைக்கே போவேன். உணர்ச்சி மரத்த காலை வெந்நீரும் வினிகரும் கலந்த வாளிக்குள் விட்டால் வெந்துபோனதுகூடத் தெரியாது. எங்கள் சித்தப்பா காலில் எழும்பிய கொப்புளத்தை மறுநாள் சித்தி பார்த்துத்தான் சொன்னார். நகம் பிறகு, முதலில் அந்தப் புண்ணை ஆற்றுவதே பெரும்பாடாகிவிட்டது.

வீட்டில் செய்ய வேண்டியது வேறு இருக்கிறது. விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள், பூஞ்சை அங்கிருந்துதான் பல பேருக்கு நகத்துக்கு ஏறுகிறது. குளித்ததும் விரலிடுக்கைத் துடையுங்கள். வீட்டுக்கே ஒரே நகவெட்டி என்கிற வழக்கத்தை விடுங்கள். இதெல்லாம் செய்துவிட்டு விக்ஸும் பூசுகிறேன் என்றால், சர்க்கரை இல்லாதவர்கள் தாராளமாகப் பூசுங்கள். ஒரு வருடம் கழித்து போட்டோ போடுங்கள், பார்க்கலாம்.