காலைச் சத்தத்துக்குக் கெட்டி ஆயில் மருந்தல்ல
"காலையில் எஞ்சின் கடகடத்தால் 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றுங்கள், சரியாகிவிடும்" என்று சிலர் சொல்வதை நம்பிச் செய்துவிடாதீர்கள். 5டபிள்யூ-30 என்ற இளகிய ஆயிலைக் கேட்கும் எஞ்சினில் கெட்டி ஆயில், வால்வுகளை இயக்கும் டைமிங் செயினை ஆயில் அழுத்தத்தால் இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்குப் போய்ச் சேரவே கூடுதல் நேரம் பிடிக்கும். அதுவரை செயின் தளர்ந்து அடிக்கும். முதலில் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) அளவைப் பாருங்கள். அடுத்து ஆயில் ஃபில்டர். அதனுள் இருக்கும் ரப்பர் வால்வு விறைத்துப்போனால் ராத்திரியில் ஆயில் எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்புக்கு வடிந்துவிடும். ஓரிரு நொடிச் சத்தம் பல நேரம் நல்ல ஃபில்டர் மாற்றினாலே நிற்கும். சூடேறும்வரை மட்டும் 'டிக் டிக்' என்றால், எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இணைப்பில் உள்ள கேஸ்கெட் ஓரத்தில், புகை கசிந்து கரி படிந்திருக்கிறதா பாருங்கள்.

ஆனால் ஐந்தாறு நொடி தாண்டியும் செயின் கவர் பக்கம் கரகரவென்று கேட்டால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். செயின் தன் பல்சக்கரத்தில் ஒரு பல் தாண்டினால் பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து வளையும். செயின் கிட்டோடு முடிய வேண்டிய செலவு எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றும் வேலையாகிவிடும்.