பெயரில் 16, உள்ளே 24

ஆண்ட்ராய்டு ப்ராஜெக்ட்டில் அளவுகளுக்கென்று தனி ஃபைல் வைப்பதே, ஒரே எண்ணை எல்லா லேஅவுட்டிலும் (திரை அமைப்பு ஃபைலிலும்) திரும்பத் திரும்ப அடிக்காமல் இருக்கத்தான். நடப்பது என்ன? 'மார்ஜின் 16' என்று ஒரு பெயர். திறந்தால் உள்ளே 24 டிபி (திரையில் நீள அகலத்தைச் சொல்லும் அலகு)! டிசைன் மாறியதும் யாரோ மதிப்பை மட்டும் மாற்றிவிட்டு நடையைக் கட்டியிருக்கிறார்கள். பெயரிலேயே எண்ணைத் திணித்தால் இதுதான் கதி. 'ஸ்கிரீன் ஓர இடைவெளி' என்று அது செய்யும் வேலையைப் பெயராக வைத்திருந்தால், எண் மாறினாலும் பெயர் பொய்யாகாது. அதற்கு யாருக்குப் பொறுமை?

இன்னொரு கூட்டம், 1 டிபி முதல் 200 டிபி வரை வரிசையாக எழுதிவைத்து, "எல்லாம் ரிசோர்ஸில் (அந்தத் தனி ஃபைலில்) இருக்கிறது" என்று மார்தட்டும். அட, அதற்கு நேராக எண்ணையே போட்டுவிடலாமே!

டேப்லெட் சங்கதி இன்னும் மோசம். குறைந்தபட்ச அகலம் 600 டிபி என்ற, பெரிய திரைகளுக்கான ஃபோல்டரில் மட்டும் ஒரு அளவைச் சேர்த்துவிட்டு, எல்லாத் திரைக்கும் பொதுவான வேல்யூஸ் ஃபோல்டரை மறந்துவிடுவார்கள். சோதனைக்கு எடுக்கும் பில்ட் (கோடை ஆப்பாக்கும் வேலை) சத்தமில்லாமல் முடியும். டேப்லெட்டில் ஜோராக ஓடும். போனில் அந்தப் பக்கத்தைத் திறந்ததுமே ஆப் படுத்துவிடும். கோடில் தப்பு தேடும் லின்ட் எச்சரிக்கும்தான், அதை யார் படிக்கிறார்கள்?

எழுத்துக்கென்றே, பயனர் வைக்கும் எழுத்தளவோடு சேர்ந்து மாறும் எஸ்பி அலகு இருக்க, டிபி போடுகிறவர்களை என்ன சொல்ல! பயனர் செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக்கியும் இவர்கள் ஆப்பில் மட்டும் அசையாது. ஆண்ட்ராய்டு 14-இல் 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம். சரி, எஸ்பி போட்டவர்களாவது ஒழுங்கா? பட்டன் உயரத்தை 48 டிபி என்று இறுக்கிவைத்து, பெரிதான எழுத்தின் தலையை வெட்டுகிறார்கள். அது குறைந்தபட்ச உயரம், ஐயா!