கவனக்குறைவு இல்லை, காதுக்குப் பழகாத ஒலி
‘பிரைஸ்’, ‘அட்வைஸ்’ போன்ற ஆங்கிலச் சொற்களை எழுதும்போது எங்கட பிள்ளைகள் எழுத்துப்பிழை விடுவது கவனக்குறைவால் என்று கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்கமுடியவில்லை. நாங்கள் ‘பிரைஸ்’ என்றே சொல்லும் விலைக்கும் பரிசுக்கும் ஆங்கிலத்தில் உச்சரிப்பே வேறு. விலை ‘சி’ போட்டு எழுதுவது, சீறி முடியும். பரிசு ‘இசட்’ போட்டு எழுதுவது, தேனீ இரைவதுபோல் தொண்டை அதிர முடியும். தமிழில் அந்த அதிரும் ஒலி இல்லாததால் இரண்டும் எங்களுக்கு ஒன்றாகவே கேட்கிறது. கிளிநொச்சிப் பக்கம் மாலை வகுப்பு எடுக்கிறேன், தினமும் காண்கிற விஷயம் இது. ஒரு பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டியின் ஆங்கிலப் பதாகையில் ‘இசட்’டுக்குப் பதில் ‘சி’ போட்டு, பரிசளிப்பு ‘விலையளிப்பு’ ஆகியிருந்தது. எழுதியவர் நன்றாகப் படித்தவர். தொண்டையில் விரல் வைத்துச் சொல்லவைத்தால் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள்: ‘அட்வைஸ்’ பெயர்ச்சொல்லாக (அறிவுரை) வந்தால் அதிராது, எழுத்து ‘சி’; வினையாக (அறிவுரை சொல்வது) வந்தால் அதிரும், எழுத்து ‘எஸ்’. ‘பிராக்டிஸ்’ மட்டும் இந்த வழிக்கு வராது. பிரித்தானிய முறையில் அதற்கும் ‘சி’, ‘எஸ்’ வித்தியாசம் உண்டு, ஆனால் ஒலி ஒன்றுதான். அமெரிக்கர் ‘பிராக்டிஸ்’ பெயராக வந்தாலும் வினையாக வந்தாலும் ‘சி’தான் போடுவார்கள். போனே திருத்திவிடும் என்று மேலே எழுதிய சகோதரருக்கு: இரண்டும் சரியான சொற்கள் என்பதால் பெரும்பாலும் சிவப்புக்கோடு விழாது, சாதாரண தரப் பரீட்சையில் பிள்ளை கையாலதான் எழுதவேணும்.